எரியும் ஏரியும்: மூளை தன் படியைத் திருத்தும் கதை

(பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூளையைப் பற்றிப் பேச வந்தவன் ஓலைச்சுவடியில் தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணியை அழுத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் 'மண' என்று எழுதியிருந்தால் அது மணமா, மண்ணா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். புள்ளியே வைக்காத ஏட்டில் 'எரி' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தால் அது நெருப்பா, நீர் நிற்கும் ஏரியா? எழுத்து ஒன்றே. பொருளோ ஒன்றை ஒன்று அணைக்கும்!

சுவடிகளைப் பதிப்பித்த பெரியவர்கள் என்ன செய்தார்கள்? மூல ஏட்டில் கை வைக்கவில்லை. படி எடுத்து, அந்தப் படியில் புள்ளி வைத்தார்கள், துணைக்காலை ர-வாகவும் ர-வைத் துணைக்காலாகவும் திருத்தினார்கள். ஏடு எழுதியவன் விட்டபடியே இருந்தது. நாம் படிப்பதோ திருத்திய படியை.

நம் மூளையும் இதைத்தான் செய்கிறது. மரபணு என்னும் ஏட்டைத் தொடாமல், அதிலிருந்து எடுத்த படியில் ஓர் எழுத்தை மாற்றுகிறது. அந்த ஓர் எழுத்து மாறாவிட்டால் எலிக்குட்டி வலிப்பு வந்து மூன்றே வாரத்தில் செத்துப்போகிறது. எந்த எழுத்து, யார் திருத்துகிறார்கள், எந்த வயதில் திருத்துகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. அதிலும் எந்த வயதில் என்ற கேள்வியில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஏடும் படியும்

பள்ளிப் பாடத்தை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்வோம். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய ஏடு. மனித ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஒரு புரதம் வேண்டும் என்றால் உட்கருவுக்குள் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு படி எடுக்கப்படும். அந்தப் படிதான் ஆர்.என்.ஏ. படியில் டி வரும் இடத்தில் யு வரும். தேவையில்லாத துண்டுகளான இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, உட்கருவுக்கு வெளியே அனுப்புவார்கள். வெளியே ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று கோத்துப் புரதமாக்கும்.

ஏட்டில் இருப்பது படியில் வரும், படியில் இருப்பது புரதத்தில் வரும் என்று நானும் படித்தேன், நீங்களும் படித்திருப்பீர்கள். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னே குழுவினர் டிரிப்பனசோம் என்ற ஒட்டுண்ணியில் இந்தப் பாடத்தின் முதல் ஓட்டையைக் கண்டார்கள். அதன் ஒரு மரபணுவின் படியில், ஏட்டில் இல்லாத நான்கு யு எழுத்துகள் இருந்தன. அடுத்த ஆண்டே பாலூட்டிகளிலும் ஒன்று அகப்பட்டது. கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம் கல்லீரலில் நீளமாகவும் குடலில் பாதிக் குட்டையாகவும் இருக்கிறது. மரபணு ஒன்றுதான். குடலில் அதன் படியில் ஒரு சி, யு-வாக மாறி, "இத்தோடு நிறுத்து" என்ற முற்றுப்புள்ளியாகிவிடுகிறது.

மூளைக்கு வரும் வழி ஒரு தவளை முட்டையில் தொடங்குகிறது. ஆப்பிரிக்க நகத் தவளையின் கருக்களுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பார்த்த ஆய்வாளர்கள், ஏதோ ஒன்று அந்த இழைகளை விரித்துப் பிரிப்பதாக 1987இல் எழுதினார்கள். மறு ஆண்டு பிரெண்டா பாஸும் ஹெரால்ட் வெய்ன்ட்ராபும் உண்மையைச் சொன்னார்கள்: அது இழையைப் பிரிக்கவில்லை, எழுத்தை மாற்றுகிறது! அடினோசின் என்ற ஏ எழுத்திலிருந்து ஓர் அமினோ தொகுதியைப் பிடுங்கிவிட்டு, நீரிலிருந்து எடுத்த ஆக்சிஜனை அங்கே வைக்கிறது. ஏ, இனோசின் ஆகிறது. இனோசினுக்கு எதிர் இழையில் இருக்கும் பழைய ஜோடி பொருந்தாது. அதனால்தான் இழைகள் தளர்ந்தன.

இனோசின் வேற்றுக்கிரகச் சரக்கு இல்லை. அதன் அமிலத்தை 1847இலேயே லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலர் மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து எடுத்தார். உங்கள் வீட்டு நூடுல்ஸ் பொட்டலத்தின் பின்புறம் 'சுவையூட்டி 635' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், அதில் இருப்பவை இரண்டு உப்புகள்: ஒன்று இனோசினேட், இன்னொன்று குவானிலேட். நாக்குக்கு இரண்டும் கூட்டாளிகள். ரைபோசோமுக்கோ இரண்டும் ஒன்றே. படியில் இனோசின் வந்தால் அதை அது ஜி என்றே படிக்கும். ஆக, ஏ இருந்த இடம் ஜி ஆகிவிடுகிறது. இதைச் செய்யும் நொதியின் பெயர் அடார். முதுகெலும்புள்ள உயிர்களில் இதில் மூன்று வகை உண்டு. எழுத்து மாற்றும் வேலையைச் செய்பவை அடார்-1, அடார்-2 என்ற இரண்டும்தான்.

ஹைடல்பர்க், 1991

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பீட்டர் ஸேபர்க் என்பவரின் ஆய்வகம். அங்கே குளுட்டமேட் ஏற்பிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நியூரான் அடுத்த நியூரானோடு பேசும்போது இடைவெளியில் ஒரு வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அதுதான் நரம்புக் கடத்தி. எதிர்க்கரையில் அதைப் பிடிக்கும் வாசல்தான் ஏற்பி. மூளையில் "விழித்துக்கொள், செய்தி வருகிறது" என்று சொல்லும் முதன்மையான கடத்தி குளுட்டமேட். அதை மிக வேகமாக வாங்கும் வாசலுக்கு ஆம்பா ஏற்பி என்று பெயர். நான்கு புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை விடும். குளு-ஏ1 முதல் குளு-ஏ4 வரை நான்கு வகைத் துண்டுகள். அவற்றிலிருந்து கலந்து நான்கு சேரும்.

அந்தத் துளையின் மிகக் குறுகிய இடத்தில் ஓர் அமினோ அமிலம் காவல் நிற்கிறது. ஏ1, ஏ3, ஏ4 துண்டுகளில் அங்கே குளுட்டமின். அதற்கு மின்னூட்டம் கிடையாது. வருகிற நேர் அயனி எதையும் தடுக்காது. ஏ2 துண்டில் மட்டும் அங்கே ஆர்ஜினின். அது நேர் மின்னூட்டம் கொண்டது. ஒற்றை மின்னூட்டமுள்ள சோடியத்தை உள்ளே விடும், இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியத்தைக் கிட்டத்தட்ட விடாது. துளையைச் சுற்றி நிற்பவர்களில் ஏ2 இருந்தாலே போதும், கால்சியத்துக்குக் கதவு சாத்தியாகிவிடும். கால்சியம் அளவோடு வந்தால் நியூரானுக்குச் செய்தி. அளவில்லாமல் வந்தால் செல்லை உள்ளிருந்தே அரிக்கும் நொதிகளைத் தட்டி எழுப்பிவிடும்.

இப்போது ஸேபர்க் ஆய்வகத்தின் மேசைக்கு அருகில் வாருங்கள். ஒரு பக்கம் மூளையிலிருந்து எடுத்த படியின் எழுத்து வரிசை, மறுபக்கம் அதே மரபணுவின் ஏட்டு வரிசை. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன. அந்தக் காவல் இடம் வருகிறது. ஏட்டில் சி-ஏ-ஜி, அதாவது குளுட்டமின். படியில் சி-ஜி-ஜி, அதாவது ஆர்ஜினின். நடு எழுத்து மட்டும் வேறு.

எந்த ஆய்வகத்திலும் இதைப் பார்த்தவுடன் முதலில் எழும் சந்தேகம் என்ன? படியெடுத்ததில் பிழை, அல்லது எழுத்தை வாசித்ததில் பிழை. அடுத்த சந்தேகம், ஏட்டில் வேறெங்காவது சி-ஜி-ஜி உள்ள இன்னொரு துண்டு ஒளிந்திருக்கலாம். தேடினார்கள், இல்லை. ஆம்பாவுக்கு உறவான இன்னொரு வகைக் குளுட்டமேட் ஏற்பியின் இரண்டு மரபணுக்களிலும் அதே இடத்தில் அதே மாற்றம் தெரிந்தது. மூன்று மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே பிழை வருமா? ஏ2 படியில் 100க்கு 99க்கு மேல் அந்த எழுத்து மாறியே இருந்தது. 'திருத்தம்' என்ற சொல்லை அவர்கள் துணிந்து தலைப்பில் வைத்தார்கள்.

அடுத்த கேள்வி: அந்தப் படியில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் இருக்க, அடார் நொதிக்கு இந்த ஒரு ஏ-வை மட்டும் எப்படித் தெரியும்? 1993இல் அதே குழு விடை சொன்னது. நொதி இரட்டை இழையைத்தான் பிடிக்கும். படியோ ஒற்றை இழை. ஆனால் அந்தக் காவல் எழுத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி, வெட்டி எறியப்போகும் இன்ட்ரானுக்குள், இந்தப் பகுதிக்குக் கண்ணாடிப் பிம்பம் போல ஒரு துண்டு இருக்கிறது. படி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல மடங்கித் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு குட்டி இரட்டை இழை உண்டாகிறது. நொதி அதைப் பிடித்து, எழுத்தை மாற்றுகிறது. பிறகுதான் இன்ட்ரானை வெட்டுகிறார்கள். வெட்டுகிறவன் முந்திக்கொண்டால் அடையாளம் போய்விடும், திருத்தமும் நடக்காது. குப்பை என்று பெயர்பெற்ற இன்ட்ரான், தன்னை எறியும் முன் இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

மூன்று வார எலிகள்

அந்த ஓர் எழுத்து அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு 1995இல் விடை கிடைத்தது. ஸேபர்க் குழுவினர் ஒரு சுண்டெலி வகையை உருவாக்கினார்கள். புரதத்துக்கான எழுத்து ஒன்றையும் அவர்கள் மாற்றவில்லை. இன்ட்ரானில் இருந்த அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதுவும் தாய், தந்தை தரும் இரண்டு ஏடுகளில் ஒன்றில் மட்டும். மடங்க இடமில்லாததால் அந்த ஏட்டின் படிகள் திருத்தப்படவில்லை. வாசல்கள் கால்சியத்துக்குத் திறந்தன. குட்டிகளுக்கு வலிப்பு வந்தது, மூன்று வாரத்துக்குள் இறந்தன.

2000இல் மறுபக்கத்திலிருந்து ஒரு சோதனை. இம்முறை திருத்துகிறவரையே, அதாவது அடார்-2 நொதியின் மரபணுவை நீக்கினார்கள். அந்த எலிகளுக்கும் வலிப்பு, அவையும் பிறந்து 20 நாளுக்குள் இறந்தன. அடார்-2 மூளையில் இன்னும் பல படிகளைத் திருத்துகிறது. ஆகவே பல கோளாறுகள் சேர்ந்து கொன்றிருக்கலாம் அல்லவா? அதைச் சரிபார்க்க, அதே எலிகளின் ஏட்டிலேயே காவல் இடத்தில் ஏ-வை ஜி-ஆக எழுதிவிட்டார்கள். திருத்துகிறவர் இல்லை, ஆனால் அந்த ஓர் இடத்தில் திருத்தவும் தேவையில்லை. எலிகள் வலிப்பின்றி வளர்ந்தன. மற்ற இடங்களில் திருத்தம் இல்லாமல் போனதைப் பார்வைக்கு ஒரு குறையும் காட்டிக் கொடுக்கவில்லை. உயிருக்கு உலை வைத்தது அந்த ஒரே எழுத்து.

இங்கே முன்வரிசை மாணவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஏட்டிலேயே ஜி என்று எழுதிவிட்டால் எலி நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இயற்கை ஏன் ஏ என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு படியிலும் மாய்ந்து மாய்ந்து திருத்துகிறது? முதல் தடவையே சரியாக எழுதிவிட்டால் போயிற்றே?

ஏ2 காவல் இடத்தை மட்டும் பார்த்தால் இது வெட்டி வேலையாகத்தான் தெரியும். கருவிலேயே அங்கே திருத்தம் ஏறக்குறைய முழுமை, கிழவயது வரை முழுமை. மாறாத ஒன்றுக்கு ஏன் இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் திருத்தம் வயதோடு ஏறும் வேறு இடங்கள் இருக்கின்றன. கருவில் குறைவு, பிறந்தபின் கூடுதல். அந்த இடங்களில் ஏட்டிலேயே ஜி என்று எழுதி முடித்துவிட முடியாது. ஏனென்றால் குழந்தைக்கு ஒன்று வேண்டும், வளர்ந்தவருக்கு இன்னொன்று வேண்டும். புள்ளி வைப்பதற்கும் ஒரு வயது உண்டு.

நெருப்பாயிருந்த நீர்

குளுட்டமேட்டுக்கு எதிர்க்கட்சி காபா. வளர்ந்த மூளையில் "அடங்கு" என்று சொல்வது அதன் வேலை. காபா ஏற்பி திறந்தால் குளோரைடு அயனி ஓடும். குளோரைடு எதிர் மின்னூட்டம் கொண்டது. உள்ளே வந்தால் நியூரான் அமைதியாகும். தூக்க மாத்திரைகளில் பலவும் வலிப்பு மருந்துகளில் பலவும் இந்த ஏற்பியைத்தான் தட்டுகின்றன.

ஆனால் 1989இல் பாரிஸில் யெஹெஸ்கெல் பென்-ஆரி குழுவினர் பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளின் மூளையில் எதிர்மறையானதைக் கண்டார்கள். அங்கே காபா நியூரான்களை அடக்கவில்லை, கிளப்பிவிட்டது. காரணம் குளோரைடு இருப்பு. இளம் நியூரானில் குளோரைடை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று ஓங்கி நிற்கிறது. உள்ளே குளோரைடு நிறைந்திருப்பதால், கதவு திறந்ததும் அது வெளியே ஓடுகிறது. நியூரான் கிளர்ச்சி அடைகிறது. வளர வளர, குளோரைடை வெளியேற்றும் கே.சி.சி.2 என்ற வேறொரு பம்பு பெருகி, நிலைமையைத் தலைகீழாக்குகிறது. கே.சி.சி.2தான் அந்தத் திருப்பத்தின் மையம் என்று 1999இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆக, காபா என்ற ஒரே சொல் இளம் மூளைக்கு எரி, வளர்ந்த மூளைக்கு ஏரி! அந்த ஆரம்ப நெருப்பும் தேவைதான். குளுட்டமேட் இணைப்புகள் இன்னும் முதிராத நாட்களில், நியூரான்கள் ஒன்றையொன்று தட்டிப்பார்த்து இணைப்பு போடுவதற்கு அந்தக் கிளர்ச்சிதான் உதவுகிறது.

இதில் திருத்தம் எங்கே வருகிறது? பொருளைத் தலைகீழாக்குவது பம்புதான். திருத்தம் வாசலைச் சீர்செய்கிறது. காபா ஏற்பியின் துண்டுகளில் ஆல்ஃபா-3 என்று ஒன்று. பிறந்த நேரத்து மூளையில் அது ஓங்கியிருக்கும். பிறகு ஆல்ஃபா-1 அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். 2007இல் ஸ்டாக்ஹோமில் மேரி ஓமன் குழுவினர், ஆல்ஃபா-3இன் படியில் ஓரிடம் திருத்தப்படுவதைக் கண்டார்கள். திருத்தாத படியில் ஏ-யு-ஏ, அதாவது ஐசோலூசின். திருத்தினால் ஏ-யு-ஜி, அதாவது மெத்தியோனின். கருவில் இந்தத் திருத்தம் குறைவு. வயதோடு ஏறுகிறது. வளர்ந்த மூளையில் ஏறக்குறைய எல்லாப் படியும் திருத்திய படியே.

இரண்டு வடிவங்களும் எப்படி வேறுபடுகின்றன? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2008இல் அளந்து பார்த்தார்கள். திருத்தாத வாசல் சட்டென்று திறக்கும், மெதுவாக மூடும். திருத்திய வாசல் சற்றுத் தாமதித்துத் திறக்கும், சீக்கிரம் மூடும். இளம் மூளைக்கு இணைப்பு போடப் பலமான, நீண்ட கிளர்ச்சி வேண்டும். திருத்தாத வாசல் அதைத் தருகிறது. அதே வாசலுக்கு இன்னொரு குணமும் உண்டு. நியூரான் அளவுமீறிக் கிளர்ந்துவிட்டால் குளோரைடை வேகமாக உள்ளே விட்டு அதுவே அணை போடவும் முடியும். அடுப்பில் நெருப்பு வேண்டும், கூரையில் பிடிக்கக்கூடாது. குழந்தைப் பருவத்து மூளைக்கு இந்த இரண்டும் ஒரே வாசலில் வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம்.

குளுட்டமேட் பக்கமும் இப்படி ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆம்பா ஏற்பியின் ஏ2, ஏ3, ஏ4 துண்டுகளில் இன்னோர் இடத்தில் ஆர்ஜினின் கிளைசினாக மாறுகிறது. 1994இல் ஹைடல்பர்க் குழு கண்டது இது. கருவில் குறைவாகத் தொடங்கி, பிறந்தபின் ஏறும் திருத்தம். திருத்திய வாசல் களைத்துப்போன பிறகு வேகமாகத் தேறி, அடுத்த செய்திக்குத் தயாராகும். படபடவென்று செய்தி வரும் வளர்ந்த மூளைக்கு அது வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்த திருத்துநர்

இந்தக் கடிகாரத்தை ஓட்டுவது எது? வயது ஏற ஏற அடார் நொதி கூடுதலாக உற்பத்தியாகிறது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. 2009இல் ஸ்டாக்ஹோம் குழுவினர் சுண்டெலி மூளையில் கரு முதல் முதிர்ச்சி வரை பல இடங்களில் திருத்தத்தை எண்ணிப் பார்த்தார்கள். திருத்தம் ஏறியது. ஆனால் நொதியின் அளவு அந்த ஏற்றத்தை விளக்கப் போதவில்லை. ஆள் இருக்கிறார், வேலை நடக்கவில்லை.

2017இல் அவர்களே அடுத்த துப்பைக் கொடுத்தார்கள். நான் சொன்னேன் அல்லவா, திருத்தம் உட்கருவுக்குள், வெட்டும் வேலைக்கு முன் நடக்க வேண்டும் என்று? இளம் நியூரானில் அடார்-2 கணிசமாக உட்கருவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் திண்ணையில் இருக்கிறார். நியூரான் முதிரும்போது உள்ளே அழைத்துச் செல்லும் புரதங்கள் பெருகுகின்றன. திருத்துநர் நாற்காலிக்கு வருகிறார். அப்போதுதான் திருத்தம் ஏறுகிறது. ஓர் ஊழியரை நியமிப்பதும் அவரை வேலை செய்யும் இடத்தில் உட்கார வைப்பதும் வேறு வேறு என்பதை அலுவலகம் நடத்தியவர்கள் அறிவார்கள்.

ஐந்து எழுத்து, 24 வாசல்

கூட்டிக் குறைக்கும் குமிழ் போலத் திருத்தம் வேலை செய்வதற்கு ஓர் உதாரணம் சொல்லி, மூளையின் பிற இடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். செரடோனின் 2சி ஏற்பி, பசி, மனநிலை முதலியவற்றில் பங்குள்ளது. அதன் படியில் அடுத்தடுத்து ஐந்து இடங்கள் திருத்தப்படலாம். ஐந்தும் ஒன்றையொன்று சாராமல் மாறினால் 32 வகைப் படிகள். அவற்றிலிருந்து 24 வகைப் புரதங்கள். திருத்தாத வடிவம் செரடோனின் வராதபோதே தானாகச் சற்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஐந்தும் திருத்திய வடிவம் கிட்டத்தட்ட வாய்மூடி இருக்கும், செரடோனின் வந்தாலும் மெதுவாகவே பேசும். ஒரே மரபணு, ஒரே கடத்தி, நடுவில் 24 விதமான செவிகள்.

இந்தக் கலையில் நம்மை மிஞ்சியது ஆக்டோபஸ் குடும்பம். கணவாய் போன்ற இந்த உயிரினங்களின் நரம்பு மண்டலத்தில் புரதத்தை மாற்றும் திருத்த இடங்கள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. அண்டார்க்டிக் கடல் ஆக்டோபஸுக்கும் வெப்பக் கடல் ஆக்டோபஸுக்கும் ஒரு பொட்டாசியம் வாசலின் மரபணு ஏறக்குறைய ஒன்றே என்று 2012இல் கண்டார்கள். குளிர் கடலில் அந்த வாசல் மந்தமாக வேண்டும் அல்லவா? படியில் செய்யும் திருத்தம் அதை வேகப்படுத்துகிறது. ஏடு மாறவில்லை, படி மாறிக் குளிரைச் சமாளிக்கிறது.

மனிதர்களிடம் திருத்தம் பெரும்பாலும் புரதத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில்தான் நடக்கிறது. நம் ஏட்டில் பத்து லட்சத்துக்கு மேல் படிந்துகிடக்கும் அலு என்ற துண்டுகளின் படிகள் எளிதில் இரட்டை இழையாக மடங்கும். வைரஸ் என்று உடல் ஏமாந்துபோகாதபடி, "இது நம் வீட்டுப் படி" என்று அவற்றுக்கு அடையாளம் வைப்பது அடார்-1இன் வேலை. அந்த அடையாளம் தவறினால் குழந்தைகளின் மூளையைத் தன் எதிர்ப்பாற்றலே தாக்கும் ஐகார்டி-கூட்டியே நோய் வரலாம் என்று 2012இல் தெரிந்தது.

மருத்துவமனை வாசலில்

அடார்-2 பக்கமும் நோய்கள் இருக்கின்றன. தசையை இயக்கும் நியூரான்கள் மடியும் நோய் ஏ.எல்.எஸ். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நோயில் இறந்தவர்களின் முதுகுத் தண்டிலிருந்து அந்த நியூரான்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். நோயற்றவர்களின் நியூரான்களில் ஏ2 காவல் எழுத்து முழுமையாகத் திருத்தப்பட்டிருந்தது. நோயாளிகளின் நியூரான்களிலோ சிலவற்றில் முழுமை, சிலவற்றில் பாதி, சிலவற்றில் சுத்தமாக இல்லை. தசை நியூரான்களில் மட்டும் அடார்-2ஐ நீக்கிய எலிகளிலும் அந்த நியூரான்கள் மெல்ல மடிந்தன. ஏட்டிலேயே ஆர்ஜினின் எழுதியபோது பிழைத்தன. நோய்க்கு இது ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் எழுத்தின் கனம் எவ்வளவு என்று இது சொல்கிறது.

2020இல் குழந்தைகளிலும் அடார்-2 பழுதின் விளைவு தெரிந்தது. அடார்-2 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பழுது இருந்த குழந்தைகளுக்குச் சிறிய தலை, அறிவு வளர்ச்சிக் குறை, வலிப்பு. மிக அரிதான நோய் இது. இரண்டு பிரதியும் பழுதாக வேண்டிய நோய்கள் மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வர வாய்ப்பு கூடுதல் என்பதை நம் ஊர் மக்களுக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வலிப்புள்ள குழந்தை வீட்டில் இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள். கோயிலுக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இயற்கையின் இந்தக் கைத்திறனை மருத்துவம் கடன் வாங்கவும் தொடங்கிவிட்டது. கல்லீரலையும் நுரையீரலையும் பாதிக்கும் ஒரு பரம்பரை நோயில், நோயாளியின் உடலில் இருக்கும் அடார் நொதியையே அழைத்துப் பழுதான ஓர் எழுத்தைப் படியில் திருத்தும் மருந்து 2024இல் மனிதரிடம் வேலை செய்ததாக அறிவிக்கப்பட்டது. ஏட்டைத் தொடாத சிகிச்சை. மருந்தை நிறுத்தினால் திருத்தமும் நிற்கும். அதுவே அதன் பாதுகாப்பு. அதே நேரத்தில் ஓர் எச்சரிக்கை. 'குழந்தையின் மரபணுவைப் பார்த்து அறிவைக் கணிக்கிறோம்' என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அவர்கள் படிப்பது ஏட்டை மட்டும். மூளை படிப்பது திருத்திய படியை, அதையும் அந்தந்த வயதுக்குத் தகுந்தபடி.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தலையெழுத்து என்போம். தலைக்குள் இருக்கும் எழுத்துகளில் சில, பிறந்த பிறகும் மாறிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. அதை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. ஆனால் ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதவும் முடியாது.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்களில் யாராவது ஒருவர் ஓர் ஆய்வகத்தில் ஏட்டையும் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். ஓர் எழுத்து வேறாக இருக்கும். பிழை என்று சிவப்பு மையால் அடிக்கக் கை துடிக்கும். அடிக்காதீர்கள். இன்னொரு படி எடுத்துப் பாருங்கள், இன்னொரு மரபணுவில் பாருங்கள், இன்னொரு வயதிலும் பாருங்கள். ஹைடல்பர்க்கில் 1991இல் அவர்கள் தொடங்கியதும் அப்படித்தான்.